நாம் குடியிருக்கும் ஏரி மாவட்டம்



உங்கள் வீட்டு முகவரியை முழுமையாக எழுதிப் பாருங்கள். வீட்டு எண், பிளாக், வளாகத்தின் பெயர் எழுதிய பிறகு ஒரு கிராமத்தின் பெயர் வரும். அதன்பின் வட்டம், கடைசியில் செங்கல்பட்டு மாவட்டம். வெளியூர் உறவினர் கேட்டால் மட்டும் "சென்னையில் இருக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். அலுவலகம், பெரிய மருத்துவமனை, விமான நிலையம் எல்லாம் அந்தப் பக்கம் இருப்பதால் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் நாம் வீட்டு வரி கட்டுவது ஊராட்சியில். பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் அடுத்த அடுக்குமாடி, இன்னொரு பக்கம் வயலோ தரிசோ ஏரிக்கரையோ தெரிகிறது.

லாரித் தண்ணீர், கழிவுநீர், பார்க்கிங் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. இந்த முறை, நாம் வந்து சேர்ந்த இடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். மே மாதம் தண்ணீர் வாங்கவும், நவம்பரில் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரை இறைக்கவும் நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகும் பணத்துக்கான விளக்கம் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயரில் இருக்கும் தண்ணீர்

ரயிலில் தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும்போது நிலையங்களின் பெயர்களைக் கவனியுங்கள். பொத்தேரி என்ற பெயரில் ஏரி இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் குளம் இருக்கிறது. இன்னும் உள்ளே போனால் வேடந்தாங்கல். 'தாங்கல்' என்றால் சிறு ஏரி. செங்கழுநீர்ப் பூவிலிருந்துதான் செங்கல்பட்டு என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பூ தண்ணீரில் பூப்பது.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். மீதி மாதங்களுக்கு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். அதுதான் ஏரி.

ஓர் ஏரிக்கு நான்கு உறுப்புகள். தண்ணீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய், தேக்கி நிறுத்தும் கரை, வயலுக்குத் திறந்துவிடும் மதகு, நிரம்பிய பிறகு வழிந்தோடும் கலங்கல். ஒரு கலங்கலில் வழியும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகப் போகும். அங்கே நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. நூற்றுக்கணக்கான ஏரிகள் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்ட நிலம் இது. அதனால்தான் செங்கல்பட்டை 'ஏரி மாவட்டம்' என்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அடைத்தால் மேலே உள்ள ஊரில் வெள்ளம், கீழே உள்ள ஊரில் வறட்சி. நாம் அனுபவிப்பது இந்த இரண்டையும்தான்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செயற்குழு

ஏரி என்றால் ஆண்டுதோறும் தூர் வார வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மதகைச் செப்பனிட வேண்டும். அதற்கு ஆள், பணம், கணக்கு மூன்றும் தேவை. இந்த வேலையை எப்படி நடத்தினார்கள் என்பதற்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அது இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூர்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு போல. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் அமைந்தன. பதவிக் காலம் 360 நாள்.

வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் எப்போதும் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. நம் பொதுக்குழுவில் கணக்கு விவகாரம் சூடாகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் குடத்தில் எல்லோருடைய பெயரும் விழவில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர்களுக்கே இடம். ஏரியில் மண் வெட்டிச் சுமந்தவர்கள் அந்தச் சபையில் இல்லை. இதற்குப் பிறகு வருவோம்.

கும்பினியும் ஜாகீரும்

1639இல் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்தில் ஆங்கிலேயக் கும்பினி கால் பதித்தது. மதராஸ் பட்டணம் வளர வளர அதற்கு அரிசி, விறகு, உப்பு, ஆட்கள் எல்லாம் வேண்டியிருந்தது. பட்டணத்தைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுப் பகுதியை ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதனால் இந்த மாவட்டத்துக்கு 'ஜாகீர்' என்றே வெகுகாலம் பெயர்.

கையில் வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அவர் அளந்தார். எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்கு எடுக்கப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. களத்தில் நெல்லைப் பங்கு போடும் முன்பே கோயில், வைத்தியர், தச்சர், காவல்காரர் என்று பலருக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட்டது. ஏரிப் பராமரிப்புக்கும் தனிப் பங்கு இருந்தது. நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் போலத்தான், நெல்லாக.

1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு வந்தது. போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் ஜாகீரைச் சூறையாடின. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1790களின் நடுவில் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் என்பவர், ஏரிகளைச் சரிசெய்யாமல் வரி வராது என்று கண்டு பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலுக்கு நீங்கள் போயிருக்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் துரை இவர்தான். அடிக்கடி உடைந்த அந்தக் கரை ஒரு மழை இரவில் உடையப்போகிறது என்று பார்க்கப் போனவர், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டதாகவும், கரை தப்பியதால் தாயார் சன்னதிக்குத் திருப்பணி செய்ததாகவும் கதை. கதையை நம்புவது உங்கள் விருப்பம். கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது.

வேடந்தாங்கலுக்கும் அவர் காலத்திலிருந்தே தொடர்பு உண்டு. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பு எழுத்தில் கிடைத்தது. சரணாலயம் என்ற அறிவிப்பு வந்தது 1936இல்தான். அதுவரை காத்தவர்கள் ஊர்க்காரர்கள்.

ஆனால் கும்பினி ஆட்சி ஊன்றியபோது பழைய பங்குமுறை கரைந்தது. விளைச்சல் வரியாகக் கருவூலத்துக்குப் போனது, ஏரி வேலை அரசுத் துறைக்குப் போனது. ஊரார் தாங்களாகவே செய்துவந்த குடிமராமத்து குறைந்தது. அதைக் கட்டாயமாக்க 1858இல் சட்டமே போட்டார்கள். பங்கும் பொறுப்பும் பிரிந்த பிறகு சட்டம் பெரிதாக உதவவில்லை.

மண் சுமந்தவர்களின் நிலம்

முன்பு விட்ட இடத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் ஏரிகளிலும் வயல்களிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரில் நிலத்தின் மீதான உரிமை மிராசுதாரர்களிடம் இருந்தது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் இந்த மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணைப்படி அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டவையே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்பவை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் நின்றது, நிலம் கைமாறிப் போனது. 1994 அக்டோபரில், மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். இந்த மாவட்டத்தில் ஒரு மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த நிலம் பழைய பதிவேட்டில் எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

நகரம் நம்மை நோக்கி நகர்ந்த கதை

இன்றைக்குச் சென்னையின் நடுவில் இருக்கும் தியாகராய நகர், நூறு ஆண்டுக்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்து மாம்பலம். அங்கே ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அந்த ஏரிப் படுகையைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். சைதாப்பேட்டை அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம். அதுவும் இன்று நகரம்.

நகரத்துக்குக் குடிநீர் தந்த செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளே. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்கு விறகும் படகேறிப் பட்டணம் போயின. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியதும், நகரத்தில் வேலை, ஊரில் வீடு என்ற வாழ்க்கை எளிதானது. நாம் வாழ்வது அதன் நீட்சிதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வண்டலூருக்கு உயிரியல் பூங்கா வந்தது. மறைமலை நகர் புதுநகராக எழுந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று கட்டடங்கள் நீண்டன. 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது.

தியாகராய நகருக்கு நடந்தது நம் ஊருக்கும் நடக்கிறது. அந்த ஏரியைத் தூர்த்தவர்களுக்குப் பின்விளைவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும், பார்த்துவிட்டோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு என்பதே பல ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து ஓடும் ஆறு. அது போக வழியில்லாமல் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் போனது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சங்கிலியின் கண்ணிகள் அடைபட்டதன் இரண்டு முகங்கள் இவை.

நம் குடத்தில் நம் பெயர்

இனி நம் விஷயம். நம் வளாகத்துக்கு வரும் லாரித் தண்ணீர் எங்கிருந்தோ வானத்திலிருந்து இறங்குவதில்லை. உள்ளே இருக்கும் கிராமங்களின் வயல் கிணறுகளிலிருந்து வருகிறது. அந்தக் கிணறுகளில் ஊறுவது ஏரித் தண்ணீர். ஏரி நிரம்பாவிட்டால் அவர்கள் கிணறு வற்றும், நம் லாரி விலை ஏறும். அவர்கள் ஏரியின் வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டினால் மழைக்காலத்தில் நம் அடித்தளம்தான் நிரம்பும். 'அவர்கள் ஏரி' என்று எழுதினேன். உண்மையில் அது நம் ஏரி.

அன்றைய ஏரி வாரியத்தில் நிலக்காரருக்கு மட்டும் இடம். இன்றைய கிராம சபையில் அப்படியில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சொந்த வீடா வாடகை வீடா என்று யாரும் கேட்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள வளாகங்களிலிருந்து அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பலருடைய ஓட்டு இன்னும் பழைய வீட்டு முகவரியில் இருப்பதும் ஒரு காரணம். அதனால் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் ஓட்டை இந்த முகவரிக்கு மாற்றுங்கள். படிவம் 8 போதும், இணையத்திலேயே செய்யலாம்.

இரண்டாவது, நம்மைச் சுற்றியுள்ள சர்வே எண்களின் அ-பதிவேட்டு விவரத்தை அரசின் நில ஆவண இணையதளத்தில் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கும் இடங்களைக் குறித்து வைப்போம். பெயின்ட் அடித்த பெயர்ப்பலகையை விட அந்தப் பதிவேடு பழையது.

மூன்றாவது, நம் வாயிலில் நிற்கும் காவலர் அண்ணன்களிடமும், வேலைக்கு வரும் அக்காக்களிடமும் கேளுங்கள். அவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். எந்தக் கலங்கல் எந்த மாதம் வழியும், தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் அது.

நான்காவது, மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் வரும் அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டங்களுக்குப் பிளாக்குக்கு இரண்டு பேராவது வாருங்கள். வரத்துக் கால்வாயைத் தூர் வாருவது பற்றி ஒரு தீர்மானம் கேட்போம். ஊர்க்காரர்கள் சொல்வதையும் உட்கார்ந்து கேட்போம். நம் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்லவும் தயாராக வருவோம்.

காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் 10:30க்கு முதன்மை வாயிலில் சேர்ந்து புறப்படலாம். வர விரும்புபவர்கள் உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள்.